கொம்புப் புற்றும் எருதின் எதிர்ப்புச் சக்தியும்

உழவு மாடு அடிக்கடி தலையை உதறுகிறது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்கிறது. அந்தப் பக்கத்து மூக்கில் இரத்தம் கலந்த சளி வடிகிறது. எங்கோ முட்டிக்கொண்டது என்று மஞ்சள் பற்றுப் போட்டு விட்டுவிடுகிறோம். நாளடைவில் கொம்பு ஆட்டங்கண்டு சாய்ந்துவிடும். இது கொம்புப் புற்றுநோயாக இருக்கலாம்.

கொம்பின் உட்புறச் சவ்வில் தோன்றும் இந்நோய், பசுக்களைவிடக் காயடித்த எருதுகளையே மிகுதியாகத் தாக்குகிறது. நுகத்தடி உராய்வு, வெயில், கொம்பு சீவி வர்ணம் பூசுவது எனப் பலவற்றின் மீதும் ஐயம் உண்டு. சிவகாசிப் பக்கத்து உழவர் ஒருவர், "வெடிமருந்துத் தூசியால் வருமா, சார்?" என்று கேட்டார். பட்டாசுத் தொழில் இல்லாத குஜராத் கிராமங்களில் காங்க்ரேஜ் எருதுகளுக்கு இந்நோய் மிகுதி என்றேன். "அப்படியானால் மாட்டின் உடம்பு இதை எதிர்க்காதா?" என்றார். நான் பயிர்த்துறைக்காரன், கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எதிர்க்கத்தான் செய்கிறது. புற்று உயிரணுக்களில் உடம்புக்கு அயலாகத் தோன்றும் புரதங்கள் உண்டு. வெள்ளணுக்கள் அவற்றை அடையாளம் கண்டனவா என்று ஆய்வுக்கூடத்தில் அறியலாம். எருதின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஊட்டக் கரைசலில் கிடத்தி, உடற்சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். அணுக்கள் குழாயின் வாயிலிருந்து விசிறிபோல் ஊர்ந்து பரவும். கரைசலில் கட்டியின் சாற்றைச் சேர்த்தாலோ, அதை முன்பே அறிந்த அணுக்கள் ஒரு பொருளைச் சுரந்து அந்த ஊர்தலைத் தடுக்கும், விசிறி சிறுத்துப்போகும். நலமான மாட்டின் அணுக்களையும் உடன் வைத்து ஒப்பிடுவார்கள், நாம் உரமிடாத பாத்தி ஒன்றை விட்டுவைப்பதுபோல.

கழுத்துத் தோலில் சாற்றை ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளப்பது இன்னொரு முறை. மாடுகளில் காசநோயைக் கண்டறிவதும் இவ்வாறே.

அடையாளம் கண்டும் கட்டி ஏன் வளர்கிறது? படை சிறிது, பகை பெரிது. அந்தப் படையைத் தூண்டிவிட முடியுமா என்று ஆஸ்திரேலியாவில் ஹாஃப்மனும் துணைவரும் மாடுகளின் கண் புற்றில் முயன்று 1981இல் வெளியிட்டனர். பிற மாடுகளின் கட்டியிலிருந்து பீனால் கலந்த உப்புநீரில் எடுத்த சாறுதான் மருந்து. நம் நாட்டிலும் கொம்புப் புற்றுக்கு இம்முறையை முயன்றுள்ளனர். ஆனால் முற்றிய கட்டியை ஊசி மட்டுமே கரைத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஐயம் தோன்றினால் இரு கொம்புகளையும் விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல கொம்பு கணீரென்று ஒலிக்கும்; நோயுற்றது மந்தமாக ஒலிக்கும். உடனே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கொம்பை அடியோடு அறுத்தெடுப்பார்கள். தாமதித்தால் புற்று மண்டையெலும்பின் அறைகளுக்குள் இறங்கிவிடும். அதன்பின் அறுத்தாலும் மீண்டும் தழைக்கும்.