வணிக நிறுவனங்களுக்கான அடிப்படை இணையப் பாதுகாப்பு

இணையப் பாதுகாப்பு என்பது கணினி, கைபேசி, வலையமைப்பு ஆகியவற்றையும் அவற்றில் உள்ள தரவுகளையும் அத்துமீறல், திருட்டு, அழிவு ஆகியவற்றிலிருந்து காக்கும் நடைமுறைகளின் தொகுப்பாகும். கணக்கு வழக்கும் வங்கிப் பரிமாற்றமும் கணினிக்கு வந்துவிட்டதால் சிறிய கடைக்கும் இது தேவைப்படுகிறது. உலகை உலுக்கிய தாக்குதல்கள் சிலவற்றில்கூட எளிய கவனக்குறைவுகளே பெரும் சேதத்துக்கு வழிவிட்டன.

கடவுச்சொல்

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தாக்கப்பட்டு, எரிபொருள் விநியோகம் சில நாட்கள் நின்றது. பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லைக் கொண்டு திருடர்கள் நுழைந்திருந்தனர். அக்கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பணயத் தொகை செலுத்தியது.

எனவே ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான, தனித்தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே மூடிவிட வேண்டும்.

மென்பொருள் புதுப்பித்தல்

2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்னும் தீநிரல் விண்டோஸ் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அது பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வைப்பதும், ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய மென்பொருளைக் கைவிடுவதும் இதற்குத் தீர்வாகும்.

காப்புநகல்

2017 ஜூன் மாதம் நாட்பெட்யா தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அதன் வலையமைப்பை நிர்வகிக்கும் சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே வலையமைப்பில் இருந்ததால் சேர்ந்தே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும், மின்தடையால் அணைந்திருந்ததால் தப்பியது. அதைக் கொண்டே நிறுவனம் மீண்டது.

இதன் பாடம் தெளிவானது. கணினியுடன் எப்போதும் இணைந்திருக்கும் நகலை மட்டும் நம்பக் கூடாது. குறைந்தது ஒரு நகலையாவது தனி ஹார்டு டிஸ்க்கில், இணைப்பைத் துண்டித்து, வேறிடத்தில் வைக்க வேண்டும். அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும்.

போலி மின்னஞ்சல்

சிறு நிறுவனங்களுக்குப் பெரும் இழப்பைத் தரக்கூடியது போலிக் கடிதமாகும். வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரின் பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டுமே வேறுபட்டிருக்கும். சில நேரங்களில் அவருடைய உண்மையான கணக்கே திருடப்பட்டிருக்கும். கணக்கு எண் மாற்றம் எதுவானாலும், ஏற்கெனவே கைவசமுள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும். கடிதத்தில் தரப்பட்ட எண்ணை நம்பக் கூடாது.

தாக்குதல் நடந்தால்

பாதிக்கப்பட்ட கணினியை உடனே வலையமைப்பிலிருந்து பிரிக்க வேண்டும். வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பணம் பறிபோயிருந்தால் வங்கிக்கும், இந்தியாவில் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறி வெளியேறுவதற்குள் முடக்கினால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே தவறுதலாக இணைப்பைச் சொடுக்கிய ஊழியர் அதை அஞ்சாமல் உடனே சொல்லும் சூழல் அலுவலகத்தில் இருப்பதும் ஒரு பாதுகாப்பு நடைமுறையே ஆகும்.