பதினாறில் நிற்பதா, எடுப்பதா?

முந்நூற்றுநாலு ஆட்டத்தை அறியாத யாழ்ப்பாண வீடு அரிது. அதில் காசு இல்லாவிடினும் கணக்கு உண்டு. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் ஆடப்படும் பிளாக்ஜாக் என்னும் ஆட்டத்திலோ காசும் உண்டு, கணக்கும் உண்டு. இவ்வாட்டத்துக்கு ‘வெல்லும் வழி’ கூறும் குறிப்புகளை இக்காலத்து மாணவர் கைப்பேசியிலேயே படித்துவிடுகின்றனர். ஆகையால், அவ்வழி எதுவரை செல்லும் என்பதைச் சிறிது ஆராய்தல் நன்றென எண்ணுகின்றோம்.

ஆட்டம் எளிது. கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், சீட்டுப் பகிர்பவருடைய தொகையிலும் மேலாக இருத்தல் வேண்டும். படச்சீட்டு ஒவ்வொன்றும் 10. ஆசு 1 ஆகவோ 11 ஆகவோ கொள்ளப்படும். பகிர்பவர் தம் சீட்டில் ஒன்றைத் திறந்து வைப்பார். 16 வரை அவர் எடுத்தேயாக வேண்டும். 17இல் நிறுத்தியேயாக வேண்டும். அவருக்குச் சுயபுத்தி தேவையில்லை.

அவ்வாறாயின் விடுதிக்கு இலாபம் எங்ஙனம் வருகிறது? ஆடுபவர் முதலில் எடுக்கின்றார் என்பதே அதன் இரகசியம். அவர் 21ஐத் தாண்டியவுடன் பணம் போய்விடும். பின்னர் பகிர்பவரும் தாண்டினால் அது திரும்பி வராது. பகிர்பவர் தாண்டுவது நூற்றுக்கு ஏறக்குறைய 28 முறை. அவரைப் போலவே நாமும் ஆடினால் இருவரும் தாண்டும் ஆட்டங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு. அந்த எட்டும் விடுதிக்கே.

இதனை முறையாகக் கணித்தவர்கள் சூதாடிகள் அல்லர். மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் படைத்தளத்தில் இருந்த போல்ட்வின், கான்டி, மைசெல், மக்டெர்மொட் என்னும் நால்வர், மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு ஒவ்வொரு நிலைக்கும் உகந்த செயலைக் கணித்து, 1956இல் அமெரிக்கப் புள்ளிவிபரக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். கணினி இன்றி அவர்கள் பெற்ற முடிவுகளைப் பின்னர் வந்த கணினிகள் பெரும்பாலும் உறுதிசெய்தன. பொறுமைக்கு இதனிலும் சிறந்த சான்றை நாம் வகுப்பறையில் காட்ட முடியாது.

அவர்கள் கண்டது யாது? நம் சீட்டை மட்டுமன்றிப் பகிர்பவரின் திறந்த சீட்டையும் பார்க்க வேண்டும் என்பதே. நம் கையில் 16 உள்ளதெனக் கொள்வோம். மேலும் ஒன்று எடுத்தால் 6 முதல் படச்சீட்டு வரை எது வந்தாலும் தோல்வி. அதாவது 13 வகைச் சீட்டுகளில் 8 வகை நமக்குப் பகை. பகிர்பவர் 6 காட்டினால் அவர் தாண்டுவது நூற்றுக்கு ஏறக்குறைய 42 முறை. ஆகவே நாம் அசையாது நிற்க வேண்டும். அவர் 10 காட்டினாலோ நிற்பது பெருந்தோல்வி, எடுப்பதும் பெருந்தோல்வி. எடுப்பது மயிரிழையளவு குறைந்த தோல்வி. “தோற்கத்தானே போகிறோம் சேர், பிறகேன் எடுக்க வேண்டும்?” என்று ஒரு மாணவன் நம்மைக் கேட்டான். நல்ல கேள்வி. இம்முறையிற் பெரும்பகுதி வெல்லும் வழியன்று. குறைவாகத் தோற்கும் வழியேயாம்.

பிற விதிகளும் இதே கணக்கிற் பிறந்தவை. 13 முதல் 16 வரை இருந்து, பகிர்பவர் 2 முதல் 6 வரை காட்டினால் நிற்க. 7க்கு மேல் காட்டினால் எடுக்க. 12 இருப்பின் 4, 5, 6க்கு எதிராக மட்டும் நிற்க. இரண்டு எட்டுகளைப் பிரிக்க. இரண்டு பத்துகளைப் பிரிக்கவே வேண்டாம். 11 வந்தால், பகிர்பவர் ஆசு காட்டாதவிடத்துப் பந்தயத்தை இரட்டிக்க.

பகிர்பவர் ஆசு காட்டும்போது ‘காப்புறுதி’ என்றொரு பந்தயத்தை விடுதி அன்போடு வழங்கும். அவருடைய மறைசீட்டு 10 ஆயின் ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும். ஒரு கட்டில் எஞ்சிய 51 சீட்டுகளில் பத்தின் மதிப்புடையவை 16. ஆகவே 51 ரூபாவுக்கு 32 வரும், 35 போகும். பெயர்தான் காப்புறுதி!

இவ்விதிகளைப் பிழையின்றிக் கைக்கொண்டால், நல்ல ஆட்டவிதிகளின் கீழ், விடுதியின் ஆதாயம் நூற்றுக்கு அரைவாசியளவு சுருங்கும். ஆயினும் அது ஆதாயமே. மணிக்கு 70 ஆட்டம், ஆட்டத்துக்கு 100 ரூபா எனின், சராசரியாக 35 ரூபா இழப்பு. பகிர்பவரைப் போல ஆடுபவருக்கோ அது 350க்கும் மேல். இவை சராசரிகள், ஓர் இரவில் ஆயிரங்கள் வரவும் கூடும், போகவும் கூடும். வந்த இரவையே மனம் நினைவில் வைத்துக்கொள்கிறது.

அந்த அரைவாசியையும் கடந்தவர் எட்வேர்ட் தோர்ப் என்னும் கணித ஆசிரியர். வெளியே போன சீட்டுகளை எண்ணி, எஞ்சியவற்றில் பத்துகளும் ஆசுகளும் மிகும்போது பந்தயத்தை உயர்த்தும் வழியை அவர் 1962இல் நூலாக வெளியிட்டார். இருதுபன்னனிடம் எண்ணும் வித்தை கற்ற நளன் நமக்கு நினைவுக்கு வருகின்றான். ஆனால் புட்கரனைப் போல விடுதிகள் வாளாவிருக்கவில்லை. கட்டுகளைப் பலவாக்கின, அடிக்கடி கலைத்தன, எண்ணுவோரை வெளியேற்றின.

இன்று பல மேசைகளில் இன்னும் எளிய உபாயம் ஒன்று உண்டு. முதல் இரு சீட்டிலேயே ஆசும் பத்தும் வந்தால் முன்பு 10 ரூபாவுக்கு 15 கொடுத்தனர், அம்மேசைகளில் 12தான். இவ்வாறு வருவது ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை. ஆகவே 210 ரூபாப் பந்தயத்துக்கு 3 ரூபா குறைகிறது. நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்றே குறைவு. அபர்டீன் நால்வர் மாதக்கணக்கில் உழைத்துக் குறைத்த ஆதாயத்தை, மேசைவிரிப்பில் ஒரு வரியை மாற்றி அச்சிட்டே விடுதி மீட்டுக்கொண்டது.