உஷார்! பழைய ஜீப் பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக் மாட்டப் போகிறீர்களா?

ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப் வைத்திருக்கிறீர்களா? "டிரம் பிரேக் பத்தாதுண்ணே, முன்னாடி மட்டும் பொலிரோ டிஸ்க் மாட்டிடலாம்" என்று மெக்கானிக் சொன்னாரா? முன்பணமும் கொடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை. வண்டியை இறக்கத்தில் விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

டிஸ்க் நல்லதுதான். ஆனால் அரைகுறையாக மாட்டிய டிஸ்க், பழைய டிரம்மைவிட ஆபத்து!

எனக்குத் தம்பி முறை ஒருவன். பெயர் வேண்டாம், அவன் வீட்டில் இன்னும் முழுக்கதை தெரியாது. அப்பா காலத்து பிக்கப்பை ஆசை ஆசையாகப் புதுப்பித்தான். பெயின்ட், சீட், லைட் எல்லாம் புதுசு. கடைசியாக முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க். ஒர்க்‌ஷாப்பில் ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். நாமக்கல் சாலையில் ஓட்டிப் பார்த்தான். தொட்டால் நின்றது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வாரம் கொல்லிமலையில் பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கினான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் ஏதோ கருகுகிற வாசனை. முன்னால் போன லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டான். பெடல் வழக்கத்தைவிட மேலேயே நிற்கிற மாதிரி, கெட்டியாக இருந்தது. 'அட, பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கிறதே' என்று நினைத்தானாம். அதற்கடுத்த இரண்டாவது வளைவில் காலை வைத்தான். பெடல் சத்தமே இல்லாமல் தரைக்குப் போய்விட்டது.

கை பிரேக்கை இழுத்தான். கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன டிரம்மில் பல மாதமாக ஆயில் கசிந்து ஊறியிருந்தது. பிடிக்கவில்லை. இரண்டாம் கியருக்குத் தள்ளி, மலைப் பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி உரசி நிறுத்தினான். முழங்கையில் ஒன்பது தையல். எதிரில் பஸ் வராதது அவன் அம்மா கும்பிட்ட சாமி புண்ணியம்.

இனிமேல்தான் நான் பயப்படுகிற விஷயம். அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால் பிரேக் பழையபடி ஜம்மென்று நிற்கிறது! ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த பையன் மிதித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லண்ணே, பெடல் சூப்பரா நிக்குது. நீங்க பதட்டத்துல கிளட்ச்ச மிதிச்சிருப்பீங்க" என்றானாம். இவனும் பாதி நம்பிவிட்டான்.

நம்பாதீர்கள். சூட்டில் காணாமல் போய், ஆறியதும் திரும்பி வருகிற பிரேக், மறுபடியும் போகும்.

என்ன நடந்தது? டிஸ்க் புதுசு. ஆனால் டிரைவர் காலுக்கடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருந்த மாஸ்டர் சிலிண்டர் பழசு. அதன் வாயில் ஒரு சின்ன செக் வால்வு உண்டு. டிரம் பிரேக்குக்காக வைத்தது. பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது சரி. ஷூவைப் பின்னுக்கு இழுக்க அங்கே கெட்டியான ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் ஸ்பிரிங்கே கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்தான் அதை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். அந்த 10 பி.எஸ்.ஐ.யே அதற்கு அதிகம். பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். சமதரையில் உங்களுக்குத் தெரியாது. மலை இறக்கத்தில் சூடு ஏறி ஏறி, டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்துவிடும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் அந்த ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டு தரைக்குப் போகிறது. ஆறினால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும். பெடலும் வந்துவிடும். சாட்சியே இருக்காது!

பழைய ஆயில் என்றால் இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 140. டாட் 4 என்றால் 230, ஈரமானால் 155. தம்பி வண்டியில் இருந்த ஆயில் எந்த வருஷத்தது என்று யாருக்கும் தெரியாது. கேலிப்பரைக் கழற்றியபோது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்ததாம்.

"அப்படியானால் செக் வால்வை எடுத்துப் போட்டுவிடலாமே" என்பார்கள். ஜாக்கிரதை! மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, கேலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. வால்வே இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வழிந்துவிடும். முதல் மிதிக்குப் பெடல் பள்ளம், இரண்டாம் மிதிக்குத்தான் பிரேக். டிஸ்க்குக்கென்றே 2 பி.எஸ்.ஐ. வால்வு இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பழைய மாஸ்டரையே தூக்கிப் போட்டுவிட்டு, டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்த வண்டிக்கென்று செய்த டேண்டம் மாஸ்டர் சிலிண்டர். பழைய அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு ஓஸ் வெடித்தால் நான்கும் போச்சு. டேண்டத்தில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். அமெரிக்காவில் கார்களுக்கு 1968-லிருந்தே இது கட்டாயம். நாம் இன்னும் ஒற்றை வழியை வைத்துக்கொண்டு மலை இறங்குகிறோம்.

காசு மிச்சம் என்று டேண்டம் மாஸ்டரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க்கைத் தள்ளிப்போடுங்கள், பரவாயில்லை.

சிலர் டிஸ்க்கோடு, பெடலை லேசாக்கப் பூஸ்டரும் சேர்த்து மாட்டுகிறார்கள். டீசல் என்ஜினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் தானாகக் கிடைக்காது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப் வைத்துத்தான் எடுக்கிறார்கள். என்ஜின் நின்றால் பம்பும் நின்றது. இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்ச வேக்குவம் தாங்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் வருகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உங்களுக்காக வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள்:

கருகிய வாசனை. அடுத்த வண்டி மேல் பழி போடாதீர்கள்.

ஓட ஓடப் பெடல் மேலே ஏறிக் கெட்டியாவது. அது நல்ல பிரேக் அல்ல, பேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். பக்கத்தில் கை கொண்டுபோகும்போதே அனல் அடித்தால் தொடாதீர்கள்!

இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பெடல் நிற்பது. எத்தனை தரம் காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? குனிந்து கேலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மேல் பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடது கேலிப்பரை வலதில் மாட்டிவிட்டார்கள். காற்று மேலே தங்கிவிடும், வரவே வராது. இதை நானே ஒரு வண்டியில் பார்த்தேன். நான்கு நாள் காற்று எடுத்திருக்கிறார்கள்!

காலி வண்டியில், மழையில், பிரேக் போட்டதும் பின்பக்கம் வழுக்கித் திரும்புவது. பிக்கப்புக்குப் பின்னால் கனமே இல்லை. பின் டிரம் முந்திப் பிடித்தால் வண்டி பம்பரமாகிவிடும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கிற புரொபோர்ஷனிங் வால்வு போட்டார்களா என்று கேளுங்கள்.

ஆயில் அளவு இறங்குவது. கேலிப்பர் பிஸ்டன் பெரியது, பேட் தேயத் தேய அது நிறைய ஆயிலைக் குடிக்கும். தரைக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னத் தொட்டி எப்போது காலியாகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. அவசரத்துக்கு ஸ்டீயரிங் ஆயில், என்ஜின் ஆயில் எதையும் ஊற்றாதீர்கள். ரப்பர் ஊதி, பிரேக் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

பிரேக் லைனில் செம்புக் குழாயைப் பற்றவைத்து ஒட்டியிருந்தால் பணம் கொடுக்காதீர்கள். வண்டியையும் எடுக்காதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தயாரிப்பு அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் இந்த மாற்றத்தையும் தேடலாம்.

ஐயோ, ஓடும்போதே பிரேக் போய்விட்டதா? என்ஜினை அணைக்காதீர்கள். பெடலை வேகமாக அடித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கை பிரேக்கை விட்டு விட்டு இழுங்கள். ஹாரனை விடாதீர்கள். பள்ளத்துப் பக்கம் திருப்பாமல் மலைப் பக்கம் உரசவிடுங்கள். தகரம் போனால் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி இப்போது டேண்டம் மாஸ்டர் போட்டு, லைன் முழுக்கப் புதுசாக இழுத்து, கை பிரேக் ஆயில் சீலையும் மாற்றிவிட்டான். ஆனாலும் இறங்கும்போது இருபது வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வண்டியில் ஏறுகிறான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

உங்கள் வண்டி இப்போது வாசலில்தானே நிற்கிறது? டார்ச்சை எடுங்கள். தரைத் தகட்டைத் தூக்கி, அந்த மூடியைத் திறந்து, ஆயில் என்ன நிறம் என்று பாருங்கள்.