அப்பப்பாவும் ஆங்கிள் கிரைண்டரும்

லண்டனோ டொரொண்டோவோ, எங்கட ஆக்களின் வீட்டு கராஜைத் திறந்தால் ஒரு மூலையில் டிரில், பக்கத்தில் ஜிக்சோ, கீழே ஒரு ஆங்கிள் கிரைண்டர் கிடக்கும். (தோசைமா அரைக்கிற கிரைண்டர் இல்லை, இரும்பும் ஓடும் வெட்டுகிறது.) பாதிக்கு மேல் அப்பா வாங்கினவை. ஆள் பிடித்தால் காசு அதிகம் என்று குசினி ஓடு, வேலி, சாமித்தட்டு எல்லாம் தானே செய்து பழகிய தலைமுறை அது. இப்போது அவர் அப்பப்பா. பேரனுக்குப் புத்தகத் தட்டு அடிக்க வேண்டுமென்றால், "நான் இருக்கேக்க ஏன் வேற ஆள்?" என்று வந்து நிற்பார். இடுப்பில் சாரம், காலில் செருப்பு, மூக்கில் வாசிக்கிற கண்ணாடி.

அவருடைய கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "நாப்பது வருஷமா இப்பிடித்தானே செய்யிறன், என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் சொல்லவும் கஷ்டம். ஒன்றும் நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த நாற்பது வருஷத்தில் அவருடைய கண்ணும் கைப்பிடியும் மாறிவிட்டன. முழங்கால் உயரத்தில் ஒரு பேரனும் வந்து நிற்கிறான்.

கராஜில் கிடப்பவற்றில் நான் அதிகம் பயப்படுவது கிரைண்டருக்குத்தான். 115 மில்லிமீட்டர் டிஸ்க் போடும் சாதாரண வீட்டு மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 தடவை சுற்றுகிறது. அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் துண்டுகள் பறக்கும். அதற்கும் உங்கள் முகத்துக்கும் நடுவில் இருப்பது அந்த வளைந்த காப்புத் தகடு ஒன்றுதான். பழைய கிரைண்டர்கள் பலவற்றில் அது இருக்காது. பெரிய டிஸ்க் போட இடைஞ்சல் என்று யாரோ கழற்றியிருப்பார்கள். பெரிய டிஸ்க் குறைந்த வேகத்துக்குச் செய்தது. சின்ன மெஷினில் போட்டால் அது தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டிச் சுற்றும். ஆகவே டிஸ்க்கில் எழுதியிருக்கும் சுற்று எண்ணிக்கை மெஷினில் உள்ளதற்குக் குறையக் கூடாது. வெட்டும் டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தையும் பாருங்கள், மாதமும் வருஷமும் அடித்திருக்கும். அது காலாவதித் திகதி. கராஜ் ஈரத்தில் பத்து வருஷம் கிடந்த டிஸ்க்கைக் குப்பையில் போடுங்கள். கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் பூட்டவே வேண்டாம். அது மரத்தில் கடித்துக்கொண்டு கையை உதறிவிடும்.

வாசிக்கிற கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். ஐரோப்பாவில் இஎன் 166, வட அமெரிக்காவில் இசட் 87 என்று குறி போட்டதை வாங்குங்கள். மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய அகலமான வகையும் இருக்கிறது.

டிரில்லுக்கு ஆச்சரியமான விதி ஒன்று: துணிக் கையுறை வேண்டாம். சுற்றும் பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். சாரத்தின் நுனி, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த தலைமுடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சுவரில் துளை போட முன், சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் கை வைக்காதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். பிரித்தானியாவில் 2000க்கு முன் கட்டிய வீடென்றால், புள்ளி புள்ளியாகப் பூசிய கூரையைத் துளைக்க முன் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து வந்த மெஷின் ஒன்றும் எங்கேயாவது இருக்கும். இரண்டு வயரை நேரே சொக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குகிற பழக்கம் அதோடு வந்திருந்தால் அன்றைக்கே நிற்பாட்டுங்கள். கனடாவில் வாங்கிய 120 வோல்ட் டிரில்லை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் 230 வோல்ட்டில் போட்டால் மோட்டார் கருகும். தோட்டத்தில் வயர் இழுத்து வேலை செய்வதென்றால், கசிவு வந்ததும் கரண்டை வெட்டும் கருவியின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை முதலில் ஒருதரம் அமத்திப் பாருங்கள்.

சரி, இதையெல்லாம் அப்பாவுக்கு யார் சொல்வது? "அப்பா, கண்ணாடி போடுங்கோ" என்று நீங்கள் சொன்னால், "நீ எனக்குப் படிப்பிக்கப் போறியோ?" என்பார். பேரன் ஒரு கண்ணாடியைத் தானும் போட்டுக்கொண்டு மற்றதை நீட்டி, "அப்பப்பா, இது உங்கட" என்றால் வாங்கிப் போடுவார். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் இதுதான் பலித்தது.

பிள்ளைக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். பிட் மாற்றும்போது டிரில்லின் பேட்டரியைக் கழற்றி, மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் அவனிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மாற்றி முடிந்ததும் பெரியவர்தான் போய் வாங்க வேண்டும். பேட்டரி அவன் கையில் இருக்கும்வரை டிரில் ஓடாது, அவனும் கிட்ட வரமாட்டான். வேலை முடிந்ததும் பேட்டரியை வேறாகவும் மெஷினை வேறாகவும், அவனுக்கு எட்டாத தட்டில், பூட்டி வையுங்கள்.