கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்
செங்கோட்டையும் கொடுமுடியும் தந்த நாடக இணை

தாமிரபரணியோடு சென்று கலக்கும் சிற்றாறு அருவியாய் வீழும் குற்றாலத்துக்கு அண்மையில், அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்து 1956இல் திருநெல்வேலி ஜில்லாவோடு இணைந்த செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்து, பால்யத்திலேயே சகோதரர்களுடன் மேடையேறிய எஸ்.ஜி. கிட்டப்பா, காவிரிக் கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளை 1920களின் நடுவில் கொழும்பு நகரில் சந்தித்தார். 1927இல் இருவரும் தம்பதிகளாயினர்.

ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைவரை சொல்லும் ஸ்வரமும் சிதையாமல் எட்ட வேண்டியிருந்தமையால், நடிகருக்குச் சாரீரமே பிரதானமாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய 'வள்ளி திருமணம்' நாடகத்தில், கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் தோன்றி, கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயரின் ஹார்மோனியம் பின்தொடர, உச்ச ஸ்தாயியில் ஒருவரையொருவர் தூண்டிப் பாடிய தர்க்கமே ஜனங்களைத் திரளாக ஈர்த்தது. லண்டன் லைசியம் அரங்கில் 1878 முதல் 1902 வரை இணைந்து நடித்த ஹென்றி இர்விங், எல்லன் டெரி ஆகியோருக்கு ஆங்கில நாடக சரித்திரம் அளிக்கும் ஸ்தானம், தமிழ் நாடக சரித்திரத்தில் இவர்களுக்கே உரியது.

1933 டிசம்பர் 2ஆம் தேதி, 27ஆம் வயதில் கிட்டப்பா காலமானார். அதன்பின் வெண்ணிற ஆடையே தரித்து, எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்ட சுந்தராம்பாள், 1935இல் 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராகவும், 1953இல் ஔவையாராகவும் நடித்து, நாடக மேடையில் பயின்ற இசைக்கலையைத் திரையிலும் நிலைபெறச் செய்தார்.