ஏசியில் கேஸ் தானாகத் தீராது

சித்திரை வெயிலில் ஏசி குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பல வீடுகளில் காதில் விழுவது ஒரே பதில்தான்: "கேஸ் இறங்கிடுச்சு சார், ஏத்தணும்." சில ஆயிரம் ரூபாய் செலவாகும். அடுத்த கோடையில் அதே பதில், அதே செலவு.

அடுப்பு சிலிண்டரில் இருக்கும் கேஸ் எரிந்து தீரும். ஏசியில் இருப்பது அப்படியில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, அறையின் வெப்பத்தை எடுத்துப்போய் வெளியே விட்டுவிட்டுத் திரும்புகிறது. பத்து வருடம் ஓடினாலும் அது செலவாவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அதுவும் வெளியேதான் போகும்.

ஆனால் குளிர் குறைய வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றை நீங்களே பார்த்துவிடலாம். ரிமோட்டில் பனிப்படிகம் போன்ற 'கூல்' அடையாளம் தெரிகிறதா? 'ஃபேன்' முறையில் இருந்தால் வெறும் காற்றுதான் வரும். அடுத்து ஃபில்டர். உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலை போல இருக்கும். அதில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும். வெப்பம் வந்து சேராததால் உள்ளே இருக்கும் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதன்மேல் பனி கட்டும். பனி கட்டினால் காற்று இன்னும் குறையும். அப்போது ஏசியை நிறுத்தி, பனி முழுதும் உருகும்வரை விட்டுவிடுங்கள். ஃபில்டரைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். அதன்பிறகும் பனி கட்டினால் கேஸைச் சந்தேகப்படலாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுவது நல்லது.

வெளி யூனிட்டை யாரும் கவனிப்பதில்லை. அறையில் எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளுவது அதுதான். ஃபிளாட் பால்கனியில் அதற்கு முன்னால் துணி காயப்போடுவது, கண்ணாடி வைத்து மூடுவது, புறா கூடு கட்டுவது எல்லாமே குளிரைக் குறைக்கும். ஏசி ஓடும்போது அதன் முன் கையை நீட்டிப் பாருங்கள். காற்று சூடாக வர வேண்டும். விசிறி சுற்றியும் சூடில்லை என்றால் கம்ப்ரசர் ஓடாமல் இருக்கலாம். கரண்ட் போய் வந்திருந்தால் சில நிமிடம் பொறுங்கள். கம்ப்ரசர் தாமதித்துத்தான் தொடங்கும். வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் தொடங்காது. இன்வெர்ட்டர் அல்லாத ஏசியில் அடிக்கடி பழுதாவது, கம்ப்ரசரைத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர். விலை அதிகமில்லை, மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் நீங்கள் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.



இத்தனையும் பார்த்த பிறகு கேஸ்தான் குறைவு என்று தெரிந்தால், கசியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அது வலுவான அடையாளம். கடலோரத்தில் உப்புக் காற்று காயிலை அரித்து ஓட்டை போடும். நைட்ரஜன் அடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்த்து, கசிவை அடைத்து, குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்ப்பால் உறிஞ்சிய பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது யூனிட்டில் ஒட்டிய தகட்டில் அச்சாகியிருக்கும். தராசில் நிறுத்து ஏற்றுவதே முறை. கேஸ் வகைகளில் இப்போது பரவலாக வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஆர்-290 எளிதில் தீப்பற்றும். வேலை நடக்கும்போது அருகில் விளக்கோ பீடியோ கூடாது.

கசிந்த இடம், கேஸின் வகை, ஏற்றிய கிராம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த வருடமும் யாராவது "கேஸ் இறங்கிடுச்சு" என்றால் அந்தத் தாளை எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.