புரவி பேணல்

கடல்வழி வந்த குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அவ்வணிகம் பாண்டியர் காலத்திலும் தொடர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வாங்கப்பட்டதையும், ஆண்டிறுதியில் மிகச் சிலவே எஞ்சியதையும் எழுதியுள்ளார். பேணும் முறை அறிந்தோர் இல்லாமையே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். பேணும் அறிவை நாள்தோறும் பழகியே பெற வேண்டும்.

தீனி

சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைகளுக்கு இட்டனர் என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். குதிரையோ புல்லுண்ணி. உடலளவை நோக்க அதன் இரைப்பை சிறியது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. எனவே, ஒரே வேளையில் மிகுதியாக இடும் தானியம் கடும் வயிற்றுவலியை உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடும். புல்லும் வைக்கோலும் முதன்மை உணவாக அமைய வேண்டும். கொள்ளு முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பகுத்து இடுதல் வேண்டும். தூய நீர் எப்போதும் கிடைக்க வேண்டும்.

தூய்மை

சேணம் பூட்டுமுன் உடலைத் தேய்த்துத் தூய்மை செய்தல் இன்றியமையாதது. சேணத்தின் அடியில் ஒட்டிய சிறு மண்கட்டியும் முதுகைப் புண்ணாக்கும். தேய்க்கும் கை, வீக்கத்தையும் காயத்தையும் முன்னரே உணர்ந்துவிடும். சவாரிக்கு முன்னும் பின்னும் குளம்பின் அடியில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் அகற்ற வேண்டும். குளம்பு மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் செதுக்கிச் சீராக்குவர்.

பயிற்சி

குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளன. நேர் பின்னால் நிற்பவரை அது காணாது. அங்கிருந்து திடீரென நெருங்கினால் மிரண்டு உதைக்கும். எனவே, குரல் கொடுத்தவாறு தோள்பக்கமாக அணுகுதல் வேண்டும். கடிவாள வாரை மென்மையாக இழுத்து, குதிரை நின்றவுடன் தளர்த்த வேண்டும். அத்தளர்வே அதற்குப் பரிசு. கட்டளைக்குப் பணிந்த பின்னும் வாரைத் தளர்த்தாதவரிடம் குதிரை எதையும் கற்பதில்லை. சவாரி முடிந்ததும் உடனே கட்டிவிடாமல், மூச்சும் உடற்சூடும் தணியும்வரை மெல்ல நடத்திச் செல்ல வேண்டும்.

குதிரை தன் நோயை வாய்விட்டு உரைப்பதில்லை. தீனி எஞ்சுவதும், காலை ஊன்றத் தயங்குவதும், காதுகளைப் பின்னோக்கி மடிப்பதுமே அதன் மொழி. அம்மொழியை நாள்தோறும் கவனித்து அறிபவரே குதிரையை ஆளத் தகுதியுடையவர்.